ஆட்டுக்குட்டித் தைமஸா, எலிக் கல்லீரலா?

டிஎன்ஏ இரட்டிப்பைத் தொடங்கிவைக்கும் பாலிமரேஸ் ஆல்ஃபா என்ற நொதியைத் திசுவிலிருந்தே பிரித்தெடுக்கப் போகிறோம் என்றால், எந்தத் திசு? பெங்களூரில் எங்கள் ஆய்வகத்துக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் முதலில் கேட்பது இதைத்தான்.

பழைய ஆய்வுகள் பலவும் கன்றின் தைமஸ் சுரப்பியில் நடந்தவை. கர்நாடகத்தில் கன்று வெட்டத் தடை இருப்பதால் நமக்கு ஆட்டுக்குட்டிதான். விடிவதற்குள் ஐஸ் பெட்டியோடு சிவாஜிநகர் கறிக்கடைக்குப் போய்விட வேண்டும். "பாய், கழுத்துக் கொழுப்பை வீசிடாதீங்க" என்றால், "அதுல கறியே இல்லையேம்மா" என்பார். பார்வைக்குக் கொழுப்புதான், விரலில் அழுத்தினால் தெரிந்துவிடும். கொழுப்பு வழுக்கும். தைமஸ் இளஞ்சிவப்பாக, சிறுசிறு மடல்களாகப் பிரியும். செல்கள் ஓயாமல் பெருகும் உறுப்பு என்பதால் ஆல்ஃபா நிறைய இருக்கும். ஆடு வளர வளர உறுப்பு சுருங்கிவிடும். குட்டியாகப் பார்த்துக் கேளுங்கள்.

எலிக் கல்லீரலின் பலம் வேறு. சாதாரணக் கல்லீரலில் ஆல்ஃபா குறைவு. மூன்றில் இரண்டு பங்கை வெட்டி எடுத்தால் மிச்சம் வளரத் தொடங்கும். சுமார் 24 மணி நேரத்தில் டிஎன்ஏ உற்பத்தி உச்சத்துக்குப் போகும், ஆல்ஃபாவும் கூடவே ஏறும். டிஎன்ஏவைப் பழுதுபார்க்கும் இன்னொரு பாலிமரேஸான பீட்டா அவ்வளவாக அசையாது. இரட்டிப்புக்கு வேண்டியது எது என்பதை இவ்வளவு அழகாகத் தைமஸ் காட்டாது. ஆனால் கிடைப்பது சில கிராம் திசு. விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். ஒவ்வொரு எலிக்கும் அறுவை சிகிச்சை. அளவு தேவைப்படும் வேலைக்கு எனக்கு மனசு வராது.

தைமஸில் ஒரு பொறி உண்டு: டெர்மினல் டிரான்ஸ்ஃபரேஸ் என்ற வேறொரு நொதி. பார்த்து எழுத ஒரு வார்ப்புரு இழை இல்லாமலே டிஎன்ஏவின் கட்டுமான அலகான நியூக்ளியோடைடை ஒட்டிக்கொண்டே போகும். நான்கு நியூக்ளியோடைடில் ஒன்றை மட்டும் கொடுத்து ஒரு சோதனைக் குழாய் ஓட்டுங்கள்; அதிலும் ஒட்டும் அளவு ஏறிக்கொண்டே போனால் அது ஆல்ஃபாவின் வேலை இல்லை. கல்லீரலில் இந்தத் தொல்லை இல்லை.

இரண்டுக்கும் பொது எதிரி, புரதத்தை வெட்டும் புரோட்டியேஸ் நொதிகள். ஆல்ஃபாவின் பெரிய துணையலகு சுமார் 180 கிலோடால்டன். முதல் தடவை, புரோட்டியேஸைத் தடுக்கும் பிஎம்எஸ்எஃப் என்ற வேதிப்பொருளைக் காலையிலேயே பஃபரில் கலந்து வைத்துவிட்டேன். தண்ணீரில் அது சீக்கிரம் செத்துவிடும். புரதங்களை அளவுவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் 180 இருக்க வேண்டிய இடம் வெறுமை, கீழே மூன்று நான்கு துண்டுகள். அன்று அழுதேன். இப்போது அரைக்கும் நிமிடத்தில்தான் சேர்க்கிறேன்.

நொதிகளைப் பிரிக்க, பாஸ்போசெல்லுலோஸ் நிரப்பிய குழாயில் உப்பைக் கூட்டிக்கொண்டே போனால் ஆல்ஃபா முதலில் இறங்கும், பீட்டா அதிக உப்பில் வரும். அடையாளச் சோதனை இரு திசுவுக்கும் ஒன்றே: அஃபிடிகோலின் என்ற தடுப்பானைச் சேர்த்தால் ஆல்ஃபா நிற்கும், பீட்டா ஓடும். மற்றொரு பாலிமரேஸான டெல்டாவும் அஃபிடிகோலினுக்கு நிற்கும் என்பதால், தவறைத் திருத்தும் எக்ஸோநியூக்ளியேஸ் செயல்பாடு கூட வருகிறதா என்று பாருங்கள். வந்தால் டெல்டா கலந்திருக்கலாம்.

நொதியைக் கையில் பிடித்துப் பழக ஆட்டுத் தைமஸ். அது எப்போது ஏறுகிறது, ஏன் ஏறுகிறது என்பது உங்கள் கேள்வியானால், அனுமதிக் கடிதத்தை இன்றே எழுதத் தொடங்குங்கள்.