ஆர்டிஎக்ஸ் 5060: பழைய 1060-ஐக் கழற்றும் முன் பார்க்க வேண்டியவை

என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 1060 கிராஃபிக்ஸ் கார்டில் இன்றைக்கும் கேம் ஆடுகிறவர்கள் நிறையப் பேர். 2016-ல் வந்த கார்டு, கொடுத்த காசுக்கு மேலேயே உழைத்துவிட்டது. 2025 அக்டோபரோடு இந்தத் தலைமுறைக்குப் புது கேம்களுக்கான டிரைவர் விடுவதை என்விடியா நிறுத்திவிட்டது. இனி 2028 அக்டோபர் வரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாதுகாப்புத் திருத்தம் மட்டும்தான். 'டூம்: தி டார்க் ஏஜஸ்' மாதிரியான கேம்கள் ரே ட்ரேசிங் (ஒளி படும் விதத்தைக் கணக்கிட்டுக் காட்சி வரைவது) வசதி இல்லாத கார்டில் ஓடவே ஓடாது. ஆகவே மாற்ற நினைப்பதில் தவறே இல்லை. மாற்றிய பிறகும் திரை திக்கித் திக்கி ஓடினால்தான் வயிறு எரியும். அப்படி ஆவது எதனால் என்பதைப் பார்த்துவிட்டுத்தான் 5060-ஐ வாங்கலாமா என்று முடிவு செய்ய முடியும்.

முதலில் கார்டு. என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 5060, 2025 மே மாதம் 299 டாலர் விலையில் வந்தது. 3840 கூடா கோர் (கணக்குப் போடும் சிறு பகுதிகள்), 8 ஜிபி ஜிடிடிஆர்7 மெமரி, 128 பிட் பஸ் (மெமரிப் பாதையின் அகலம்), நொடிக்கு 448 ஜிபி பேண்ட்வித் (மெமரியின் வேகம்), 145 வாட். 6 ஜிபி 1060-ல் இருப்பது 1280 கோர், 192 ஜிபி பேண்ட்வித், 120 வாட். 25 வாட் கூடுதலாக எடுத்துக்கொண்டு இரண்டு மடங்குக்கு மேல் தாராளமாகத் தருகிறது. 1080பி-யில் பெரும்பாலான கேம்களை ஹை செட்டிங்கில் வைத்து 60 எஃப்பிஎஸ்ஸுக்கு (நொடிக்கு 60 ஃப்ரேம்) மேல் ஓட்டலாம். சூடும் சத்தமும் இரண்டு ஃபேன் மாடலிலேயே அடங்கிவிடும். மூன்று ஃபேன் மாடலுக்குக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம்.

சராசரி எஃப்பிஎஸ் வேறு, ஆட்டம் வழுக்கிக்கொண்டு ஓடுவது வேறு. 60 எஃப்பிஎஸ் என்றால் ஒவ்வொரு ஃப்ரேமும் 16.7 மில்லி செகண்டில் வர வேண்டும். சராசரி 90 காட்டினாலும், இடையில் ஒரு ஃப்ரேம் 60 மில்லி செகண்ட் எடுத்தால் கண்ணுக்கு ஜெர்க் தெரியும். பார்க்க வேண்டியது 1% லோ எண்ணையும் (மிக மெதுவான ஒரு சதவீத ஃப்ரேம்களின் எஃப்பிஎஸ்) ஃப்ரேம் டைம் கோட்டையும்தான்.

இவற்றைத் திரையில் காட்டும் ஆஃப்டர்பர்னர், அதோடு வரும் ரிவாட்யூனர் ஆகிய இரண்டு மென்பொருளும் இலவசம். ஜிபியூ (கார்டின் சிப்) யூசேஜ், வி-ரேம் (கார்டின் சொந்த மெமரி), ஒவ்வொரு சிபியூ கோரின் யூசேஜ், ஃப்ரேம் டைம் கிராஃப் இந்த நான்கையும் திரையில் வரவைத்து, கேமில் கூட்டம் அதிகமுள்ள இடத்தில் பத்து நிமிஷம் ஆடுங்கள். விசிங்க்கையும் (எஃப்பிஎஸ்ஸை மானிட்டர் வேகத்தோடு கட்டுவது) எஃப்பிஎஸ் லிமிட்டையும் அணைத்துவிட்டுச் செய்ய வேண்டும், இல்லையென்றால் ஜிபியூ சும்மா இருப்பதாகத் தப்பாகக் காட்டும். ஜிபியூ 97, 98 சதவீதத்திலேயே நின்றால் கார்டுதான் தடை, மாற்றினால் பலன் உண்டு. ஜிபியூ 60, 70-ல் ஊசலாடி, ஒன்றிரண்டு கோர் மட்டும் 100-ஐத் தொட்டால் தடை சிபியூ. மொத்த சிபியூ யூசேஜ் 50 என்று காட்டுவதைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஆறு கோரில் ஒன்று மூச்சுத் திணறினாலே போதும், ஃப்ரேம் காத்துக்கிடக்கும். சந்தேகம் இருந்தால் ரெசல்யூஷனை 720பி-க்குக் குறையுங்கள். எஃப்பிஎஸ் ஏறவில்லையா, புது கார்டு போட்டாலும் ஏறாது.

அந்த நிலையில் ரேமைப் பாருங்கள். 16 ஜிபி ஒற்றை ஸ்டிக்காகப் போட்ட கம்ப்யூட்டர்கள் ஏராளம். சிங்கிள் சேனலில் (ரேமுக்கு ஒரே பாதை) 1% லோ அடிவாங்கும். இரண்டு 8 ஜிபி ஸ்டிக் இருந்தால், நான்கு ஸ்லாட் உள்ள பெரும்பாலான போர்டுகளில் சிபியூ பக்கமிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் போட வேண்டும். டாஸ்க் மேனேஜரில் மெமரி ஸ்பீடு 2133 அல்லது 2400 என்று இருந்து, ஸ்டிக்கில் 3200 என்று அச்சிட்டிருந்தால், பயாஸில் (போர்டின் செட்டிங் மெனு) எக்ஸ்எம்பி (ரேமை அச்சிட்ட வேகத்தில் ஓட்டும் வசதி) ஆன் ஆகவில்லை என்று அர்த்தம். சிபியூவும் போர்டும் அந்த வேகத்தைத் தாங்குமானால் பைசா செலவில்லாமல் கிடைக்கும் வேகம் அது. கேம் இன்னும் ஹார்டு டிஸ்க்கில் இருந்தால் முதலில் எஸ்எஸ்டி வாங்குங்கள்.

இனி 5060-ன் உண்மையான பலவீனம். 8 ஜிபி போதுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். எந்த மதர்போர்டில் மாட்டப் போகிறோம் என்பதையும் சேர்த்துக் கேட்டால்தான் சரியான பதில் கிடைக்கும். இந்தக் கார்டு ஸ்லாட்டின் 16 லேனில் (தரவு போகும் பாதைகள்) எட்டை மட்டுமே பயன்படுத்துகிறது. பிசிஐஇ (கார்டு மாட்டும் ஸ்லாட்டின் தரநிலை) 4.0 போர்டில் எட்டு லேன் நொடிக்கு ஏறக்குறைய 16 ஜிபி கொண்டுவரும். 3.0 போர்டில் அதில் பாதி, 8 ஜிபிதான். வி-ரேமுக்குள் எல்லாம் அடங்கும்வரை இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. டெக்ஸ்ச்சரை (பொருள்களின் மேற்பரப்புப் படங்கள்) அல்ட்ராவில் வைத்து 8 ஜிபி நிரம்பி வழிந்தால், மிச்சத்தைக் கம்ப்யூட்டரின் ரேமிலிருந்து அந்தப் பாதை வழியாகத்தான் இழுக்க வேண்டும். கார்டின் சொந்த மெமரி 448 ஜிபி வேகத்தில் ஓட, வெளியிலிருந்து வருவது 8 ஜிபி வேகத்தில் வருகிறது. சாலையில் திரும்பும்போதும் புது ஏரியாவுக்குள் நுழையும்போதும் வரும் ஜெர்க் பெரும்பாலும் இதனால்தான். 1060-க்கு 16 லேனும் இருந்தது என்பதையும் நினைவில் வையுங்கள்.

1060-ஐ வைத்திருப்பவர்களிடம் இருப்பதோ பெரும்பாலும் 3.0 போர்டுதான். இன்டெலில் 10-ம் தலைமுறை வரை 3.0. ஏஎம்டியில் பி450 போர்டு, அதில் ரைசன் 5600 போட்டிருந்தாலும் 3.0. பி550-ல் 5600 போட்டால் 4.0, ஆனால் அதே போர்டில் 5600ஜி போட்டால் மறுபடி 3.0. பி550 என்பதை மட்டும் பார்த்துக் கார்டு வாங்கியவர்கள் இங்கேதான் சிக்குகிறார்கள்.

3.0 போர்டுக்கு 5060-ஐ நான் சிபாரிசு செய்ய மாட்டேன். ஏஎம்டியின் 16 ஜிபி ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி அறிமுக விலையில் 50 டாலர் மட்டும் கூடுதல், 16 லேன் முழுதாக உண்டு, மெமரி நிரம்புவதே அபூர்வம். டிஎல்எஸ்எஸ் (குறைந்த ரெசல்யூஷன் படத்தை ஏஐ மூலம் கூர்மையாக்கும் என்விடியா வசதி) கிடைக்காது என்பது இழப்புதான், அதற்கு ஈடான ஏஎம்டியின் எஃப்எஸ்ஆர் 4 வரும் கேம்கள் அதைவிடக் குறைவு. இருந்தாலும் பழைய போர்டில் ஜெர்க் இல்லாமல் ஆட இதுவே மேல். இதிலும் 8 ஜிபி மாடல் ஒன்று உண்டு, அதைத் தொடாதீர்கள். இன்டெல் ஆர்க் பி580 12 ஜிபியோடு மலிவாக வருகிறது, ஆனால் ரீசைசபிள் பார் (சிபியூ வி-ரேம் முழுவதையும் ஒரேயடியாக அணுகும் வசதி) கட்டாயம் வேண்டும். பழைய சிபியூவில் அதன் டிரைவர் சுமையால் வேகம் விழும். 4.0 போர்டும் 1080பி மானிட்டரும் இருந்து, டெக்ஸ்ச்சரை ஒரு படி இறக்கத் தயார் என்றால் 5060-ஐ நிம்மதியாக வாங்கலாம்.

ஃப்ரேம் ஜெனரேஷன் (இடையிடையே ஃப்ரேம்களை ஏஐ உருவாக்கிச் சேர்ப்பது) விளம்பரத்தை நம்பி வாங்க வேண்டாம். அது இல்லாமலே 60-ஐ ஒட்டி ஓடும் கேமை 144 ஹெர்ட்ஸ் மானிட்டரில் இன்னும் மென்மையாகக் காட்ட அது உதவும். 30-ல் தவிக்கும் கேமைக் காப்பாற்றாது, மவுஸ் இழுப்பது தெரியும். அதற்கே கொஞ்சம் வி-ரேம் வேறு வேண்டும். 60 ஹெர்ட்ஸ் மானிட்டரில் அதற்கு வேலையே இல்லை.

மாட்டும் வேலையில் இரண்டு இடம் கவனம். எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) 550 வாட் என்கிறது என்விடியா. வாட்டைவிட லேபிளில் உள்ள 12 வோல்ட் ஆம்பியரைப் பாருங்கள், ஆம்பியரை 12-ஆல் பெருக்கினால் வருவதுதான் கார்டுக்கும் சிபியூவுக்கும் உண்மையில் கிடைக்கும் வாட். 1060-களில் பலவற்றுக்கு 6 பின் போதும், 5060-ன் பெரும்பாலான மாடல்களுக்கு 8 பின் வேண்டும். எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்தே 6+2 கேபிள் வராவிட்டால், மோலெக்ஸ் கன்வெர்ட்டர் போட்டு ஒப்பேற்றாமல் எஸ்எம்பிஎஸ்ஸையே மாற்றுங்கள்.

இன்னொன்று பயாஸ். பழைய போர்டு, யூஇஎஃப்ஐக்கு முந்தைய பாணியான சிஎஸ்எம் முறையில் பூட் ஆகிக்கொண்டிருந்தால் 5060 ரீஸ்டார்ட்டில் கறுப்புத் திரையோடு நிற்கலாம். இதற்காக என்விடியா ஒரு ஃபர்ம்வேர் அப்டேட் கருவியே வெளியிட்டது. பழைய கார்டு இருக்கும்போதே பயாஸை அப்டேட் செய்து, யூஇஎஃப்ஐ பூட்டுக்கு மாறிவிடுங்கள். விண்டோஸ் டிஸ்க் எம்பிஆர் (பழைய பார்ட்டிஷன்) முறையில் இருந்தால் சிஎஸ்எம்மை அணைத்ததும் பூட் ஆகாது. முக்கிய ஃபைல்களை பேக்கப் எடுத்துவிட்டு, விண்டோஸிலேயே உள்ள எம்பிஆர்2ஜிபிடி கருவியால் முதலில் ஜிபிடிக்கு மாற்றுங்கள். 9060 எக்ஸ்டிக்குப் போகிறவர்கள் சேஃப் மோடில் டிடியூ (டிரைவரை முழுதாக நீக்கும் மென்பொருள்) ஓட்டி என்விடியா டிரைவரைத் துடைத்துவிட வேண்டும். 1060-ல் டிவிஐ கேபிள் போட்டிருந்தவர்கள் ஹெச்டிஎம்ஐ அல்லது டிஸ்ப்ளே போர்ட் கேபிள் தயாராக வைத்துக்கொள்ளுங்கள், புது கார்டுகளில் டிவிஐ கிடையாது.

புதுசுக்குக் கையில் பணம் இல்லையென்றால், செகண்ட் ஹேண்டில் 12 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3060 நல்ல தேர்வு. 16 லேன், 170 வாட், பழைய போர்டுக்கு ஒத்துவரும். அதே பெயரில் 8 ஜிபி மாடலும் விற்றார்கள், அதன் பஸ் 128 பிட் மட்டுமே. பணம் கொடுக்கும் முன் ஜிபியூ-இசட் (கார்டின் விவரம் காட்டும் மென்பொருள்) திறந்து 192 பிட், 12 ஜிபி என்று இருக்கிறதா பாருங்கள். சும்மா இருக்கும்போது பஸ் வேகத்தைக் கார்டு தானே குறைத்துக்கொள்ளும், அதனால் அதில் பஸ் இன்டர்ஃபேஸ் வரிக்குப் பக்கத்திலுள்ள கேள்விக்குறியை அழுத்தி ரெண்டர் டெஸ்ட் ஓடும்போது எக்ஸ்16 என்று காட்டுகிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.