கடவுள் நம்பிக்கை அறிவுக்கு ஒத்து வருமா? மூன்று பதில்கள்

மகளுக்கு நாலு வயதிருக்கும்போது ஒரு ராத்திரி காய்ச்சல் 103-ஐத் தாண்டிவிட்டது. நான் பாராசிட்டமால் சிரப்பை அளந்துகொண்டிருந்தேன். அம்மா மஞ்சள் துணியில் ஒரு ரூபாய்க் காசை முடிந்து சாமி படத்துக்கு முன்னால் வைத்தார். அம்மா செய்தது அறிவுக்கு ஒத்த காரியம்தானா என்ற கேள்வி அன்றிலிருந்து என்னை விடவில்லை.

கடவுள் இருப்பதை அனுமானத்தாலேயே, அதாவது தெரிந்ததை வைத்துத் தெரியாததை ஊகித்தே, நிறுவலாம் என்பது முதல் பதில். தர்க்கத்துக்குப் பேர்போன இந்தியத் தத்துவப் பிரிவான நியாய தரிசனத்தின் உதயனாசாரியர் இந்தப் பக்கம். பானை இருந்தால் குயவன் இருக்க வேண்டும். உலகமும் பானை மாதிரி உண்டாக்கப்பட்ட ஒன்று, ஆகவே அதற்கும் கர்த்தா உண்டு. இதை மறுத்தவர்களில் ராமானுஜரும் ஒருவர்! மாளிகையையும் தேரையும் பலர் சேர்ந்துதானே செய்கிறார்கள், உலகத்துக்கு மட்டும் ஒரே கர்த்தா என்று எப்படி அனுமானிப்பது என்று பிரம்ம சூத்திரத்துக்குத் தான் எழுதிய உரையான ஸ்ரீபாஷ்யத்தில் கேட்கிறார். பிரம்மத்தை அறிய சாத்திரம் ஒன்றே வழி என்பது அவர் முடிவு. அவரே அடைத்துவிட்ட கதவை நான் தட்டப்போவதில்லை.

சரி, நிரூபணம் இல்லாமல் நம்பலாமா? கூடவே கூடாது என்றார் ஆங்கிலேயக் கணித அறிஞர் கிளிஃபோர்டு. 1877-இல் வெளியான கட்டுரையில் அவர் சொல்லும் கப்பல் முதலாளியை மறக்க முடியாது. கப்பல் பழசு, பழுது பார்க்க வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். 'இத்தனை தடவை பத்திரமாகப் போய்வந்ததே, கடவுள் காப்பாற்றுவார்' என்று மனதைத் தேற்றிக்கொண்டு, பிழைப்புத் தேடிப் போகும் குடும்பங்களை ஏற்றி அனுப்புகிறான். நடுக்கடலில் எல்லோரும் மாண்டுபோக, இவன் இன்சூரன்ஸ் பணத்தை வாங்கிக்கொள்கிறான். கப்பல் கரை சேர்ந்திருந்தாலும் அவன் குற்றவாளிதான் என்கிறார் கிளிஃபோர்டு. இதைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

அமெரிக்கத் தத்துவ அறிஞர் வில்லியம் ஜேம்ஸ் 1896-இல் பதில் சொன்னார். சில கேள்விகளைச் சான்று தீர்த்துவைக்காது, தள்ளிப்போடவும் முடியாது, வாழ்க்கையே அதில் அடங்கியிருக்கும். அங்கே மட்டும் மனம் சாயும் பக்கம் போக நமக்கு உரிமை உண்டு. 'இவருக்கு என்னைப் பிடிக்குமா' என்பதற்கு அத்தாட்சி கேட்டுக் காத்திருப்பவனுக்கு நட்பே அமையாது. முதலில் நம்பிப் பழக வேண்டும்.

நான் ஜேம்ஸ் பக்கம். ஆனால் கப்பலைச் சோதித்துப் பார்க்க முடியும். அங்கே கிளிஃபோர்டு சொன்னதுதான் சட்டம். காசு முடிந்தால் காய்ச்சல் இறங்குமா என்பதும் சோதித்துப் பார்க்கக்கூடிய கேள்விதான், அதை ஜேம்ஸ் காப்பாற்ற மாட்டார். இந்த ராத்திரியில் நாம் தனியாக இல்லை என்ற நம்பிக்கை வேறு வகை. எந்தச் சோதனையும் அதைத் தீர்க்காது. அம்மாவைத் தாங்கி நிறுத்தியது அதுதான். ஜேம்ஸிடமும் ஒரு குறை உண்டு: மனம் எந்தச் சாமி பக்கம் சாயும் என்பதைப் பாதிக்குமேல் பிறந்த வீடே முடிவுசெய்துவிடுகிறது. இதற்கு எனக்குப் பதில் கிடைக்கவில்லை.

அன்றைக்குக் காசை முடிவதற்கு முன்னால் அம்மா கேட்டது, "மருந்து குடுத்துட்டியா?" விடியற்காலையில் குழந்தைக்கு வேர்த்தது. மருந்துதான் கேட்டிருக்கிறது என்று அம்மாவே சொன்னார். குழந்தை எழுந்து நடமாடியதும், அந்தக் காசைக் கோயில் உண்டியலில் போட்டுவிட்டு வந்தார்.