ஜென்டாங்கிள் வரைய பிக்மா மைக்ரான் 01 எப்படி?

ஜென்டாங்கிள் என்பது சின்னத் தாளில் கோடு, வளைவுகளைத் திரும்பத் திரும்பப் போட்டு வரையும் வடிவச் சித்திரம். அதற்குச் சகுரா நிறுவனத்தின் பிக்மா மைக்ரான் 01 பேனாவைத் தாராளமாக வாங்கலாம். கோடு 0.25 மி.மீ. அகலம். ஜென்டாங்கிளின் 89 மி.மீ. சதுரத் தாளில் ஒரே வளைவை நெருக்கி நெருக்கிப் போட இந்த மெலிவு வேண்டும். கருப்பு நிரப்பத்தான் இதைவிடத் தடித்த 05 பேனா தேவைப்படும்.

முனை விஷயத்தில் மட்டும் கவனம். பால்பாயின்ட் பழக்கத்தில் அழுத்தினால் முனை உலோகக் குழாய்க்குள் போய்விடும்; அப்புறம் கோடு கீறலாகத்தான் விழும். சிக்குக் கோலத்துக்கு மாவு விடுகிற அதே நிதானத்தில், பாரம் கொடுக்காமல் இழுக்க வேண்டும். அடியில் போடும் பென்சில் கோடு மங்கலாக இருக்கட்டும், அதன் தூள் முனையை அடைக்கும். 2பி பென்சில் நிழல் கடைசியில்தான்.

மை காய்ந்துவிட்டால் தண்ணீரில் கரையாது. சென்னை வியர்வைக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி! காயும்வரை கைக்கு அடியில் ஒரு துண்டுத் தாள் வையுங்கள்.

ஜெராக்ஸ் தாளில் மை பிசிறடிக்கும்; மழைக்காலத்து ஈரத்தில் இன்னும் மோசம். பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் 200 ஜிஎஸ்எம் கனமுள்ள தடித்த தாளைப் பெரிதாக வாங்கி வெட்டிக்கொள்ளலாம்.

வாட்ஸ்அப்பில் பகிர, ஜன்னல் வெளிச்சத்தில் ஃப்ளாஷ் இல்லாமல், நேர் மேலிருந்து படம் எடுங்கள். போன் சாய்ந்தால் சதுரம் கோணலாகிவிடும்.