ஊராட்சியா, மாநகராட்சியா?

பக்கத்து மாநகராட்சியோடு ஊரை இணைக்கலாமா? தமிழ்நாட்டில் நகரை ஒட்டிய ஊராட்சிகளில் அடிக்கடி எழும் கேள்வி இது. சரி, பக்கம் பக்கமாக வைத்துப் பார்ப்போம்.

தலைவர்: ஊராட்சியில் கட்சிச் சின்னம் இல்லாமல் மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள்.
மாநகராட்சியில் நாம் கவுன்சிலரைத்தான் தேர்ந்தெடுக்கிறோம். மேயரைக் கவுன்சிலர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள்.

கேள்வி கேட்க: ஊராட்சிக்கு ஆண்டில் 6 கிராம சபைகள். எழுந்து நின்று கணக்குக் கேட்கலாம், தீர்மானம் போடலாம். இதை இழப்பதுதான் எனக்குப் பெரிய வலி.
நகரத்தின் பகுதி சபை 2022-இல்தான் தொடங்கியது. இன்னும் வேர் பிடிக்கவில்லை.

வீட்டு வரி: ஊராட்சியில் பொதுவாகக் குறைவு.

ஊரக வேலைத்திட்டம்: ஊராட்சிக்கு மட்டும்.

பாதாளச் சாக்கடை, குப்பை: மாநகராட்சியிடம்தான் பணமும் ஆளும் அதிகம்.

வயலையும் கூலியையும் நம்பிய ஊர் ஊராட்சியாகவே இருக்கட்டும். அடுக்குமாடிகள் பெருகி, கழிவுநீருக்கு வழியில்லாமல் தவிக்கும் ஊருக்கு மாநகராட்சிதான் சரி.