ஏழு வருடமாக நடந்துகொண்டே இருக்கிறேன்: ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப் அனுபவம்

நேற்று ராத்திரி நண்பன் ஒருவன் வரிசையாக மூன்று கேள்வி அனுப்பியிருந்தான். ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்கு எப்படிப் போவது, எந்த வாள் வாங்குவது, எந்த சர்வரில் சேர்வது. ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப் என்கிற ஆன்லைன் கேமை போனில் இறக்கியிருக்கிறானாம், பயிற்சித் தீவை முடித்துவிட்டு, புதியவர்கள் வந்து இறங்குகிற லம்பிரிட்ஜ் ஊரின் கோட்டை வாசலில் நிற்கிறானாம். மூன்றாவது கேள்விக்கு ஒரு வரியில் பதில் உண்டு, இரண்டாவதற்கு நாலு வரி போதும். முதல் கேள்விக்கு எழுத உட்கார்ந்தபோதுதான் ஏழு வருடக் கோபம் மொத்தமும் கிளம்பி வந்தது. அதனால் இது அவனுக்கான பதிலாகவும் இல்லாமல், ஒழுங்கான விமர்சனமாகவும் இல்லாமல், நடுவில் எங்கேயோ நிற்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

2018 அக்டோபர் கடைசியில் இது மொபைலுக்கு வந்தபோது தொடங்கியவன் நான். கிராபிக்ஸ் எப்படி, எத்தனை ஸ்கில், இலவசத்துக்கும் காசு கட்டி ஆடுகிற மெம்பர்ஷிப்புக்கும் என்ன வித்தியாசம் என்பதெல்லாம் ஆயிரம் இடத்தில் கிடைக்கும். அதை விட்டுவிடுகிறேன். என் பிரச்சினை ஒன்றே ஒன்றுதான்: நடை.

இந்த கேமில் நேரம் 0.6 வினாடித் துண்டுகளாக நகர்கிறது. டிக் என்பார்கள். நடந்தால் ஒரு டிக்குக்கு ஒரு கட்டம், ஓடினால் இரண்டு கட்டம். ஓடுவதற்கு 100 சதவீதம் வரை போகிற ஒரு சக்தி அளவு உண்டு, ஓட ஓட அது கரையும், பையில் கனம் இருந்தால் இன்னும் சீக்கிரம் கரையும், தீர்ந்தால் நம் ஆள் சட்டென்று மாப்பிள்ளை ஊர்வலம் போகிற மாதிரி நடக்க ஆரம்பித்துவிடுவான். நிலக்கரி வெட்டிப் பையை நிரப்பிக்கொண்டு வங்கிக்குத் திரும்பிப் பாருங்கள், அப்போது புரியும். நான் போனைக் கீழே வைத்துவிட்டுத் துணி மடித்திருக்கிறேன். திரும்பி வந்து பார்த்தால் ஆள் பாதி வழியில் நிற்பான், ஏனென்றால் ஒரு தடவை தொட்டால் எவ்வளவு தூரம் போவான் என்பதற்கும் ஓர் எல்லை உண்டு, மறுபடி தொட வேண்டும்.

நடக்காமலே மந்திரத்தால் வேறு ஊருக்குப் போகிற டெலிபோர்ட் இல்லையா என்று கேட்பான். இருக்கிறது. எல்லோருக்கும் இலவசமாக ஒன்று, லம்பிரிட்ஜுக்குத் திரும்பிப் போக. அரை மணி நேரத்துக்கு ஒரு தடவைதான் வேலை செய்யும். அதைச் செய்யும்போது நம் ஆள் தரையில் உட்கார்ந்து, வட்டம் வரைந்து, ஒரு புத்தகத்தை எடுத்துப் பிரித்துப் படித்து, சாவகாசமாக மறைவான். நடுவில் ஒரு எலி வந்து கடித்தால்கூடப் போச்சு, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஓடித் தப்பிக்க இதை நம்பக்கூடாது என்பதை நான் ரொம்பத் தாமதமாகக் கற்றுக்கொண்டேன்.

மேஜிக் லெவல் 25 ஆனால் வாராக் நகரத்துக்கு நேராகப் போகலாம். அதற்கு ரூன் என்கிற மந்திரக் கற்கள் செலவாகும்: ஒரு லா ரூன், மூன்று ஏர் ரூன், ஒரு ஃபயர் ரூன். கையில் ஏர் ஸ்டாஃப் என்ற மந்திரக்கோலைப் பிடித்திருந்தால் ஏர் ரூன் தேவையில்லை, அந்தச் செலவு மிச்சம். லம்பிரிட்ஜுக்கு 31, ஃபாலடோர் நகரத்துக்கு 37. புதிதாக வருகிறவன் முதலில் வளர்க்க வேண்டியது கத்திச் சண்டையை இல்லை, இந்த மேஜிக்கைத்தான் என்று நான் சொன்னால் யாரும் கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை, அது வேறு விஷயம்.

அதுவரைக்கும் ஆறு இருக்கிறது. லம்பிரிட்ஜுக்குக் கொஞ்சம் வடக்கே ஆற்றங்கரையில் படகுத் துறை ஒன்று உண்டு, மரம் வெட்டும் லெவல் 12 இருந்து கையில் கோடாரியும் இருந்தால் அங்கேயே ஒரு கட்டையைக் குடைந்து அடுத்த துறை வரைக்கும் போகலாம். லெவல் ஏற ஏறப் படகு பெரிதாகும், இன்னும் தூரம் போகும். அடுத்த துறை சாம்பியன்ஸ் கில்ட் பக்கத்தில். அங்கே இறங்கி வாராக்கின் மேற்கு வாசல் வழியாக ஊருக்குள் போய்விடலாம். இதை எதற்கு இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன் என்றால், லம்பிரிட்ஜிலிருந்து சாலையைப் பிடித்து நேராக நடந்தால் வாராக்கின் தெற்கே ஒரு கல்வட்டம் வரும், அதைச் சுற்றிக் கறுப்பு அங்கிக்காரர்கள் சிலர் உலாத்திக்கொண்டிருப்பார்கள். டார்க் விசார்டுகள். லெவல் 7, லெவல் 20. நாம் ஒன்றும் செய்யாமல் போனாலும் அவர்களே அடிப்பார்கள். என் முதல் சாவு அங்கேதான். இரண்டாவதும் அங்கேதான், விட்டுப்போன சாமானை எடுக்கப் போனபோது.

செத்தால் என்ன ஆகும் என்று அவன் கேட்கவில்லை, ஆனால் தெரிந்துகொள்ளட்டும். சாதாரணச் சாவில் விலை அதிகமான மூன்று பொருள் நம்மோடே வந்துவிடும். மற்றவை செத்த இடத்தில் ஒரு கல்லறையில் 15 நிமிடம் காத்திருக்கும், அதற்குள் போய் எடுக்காவிட்டால் எமனின் அலுவலகத்துக்குப் போய்ச் சேரும். எமனுக்கு நிஜமாகவே அங்கே ஓர் அலுவலகம் உண்டு, கட்டணம் கட்டி மீட்டுக்கொள்ளலாம். ஆக, சாவதைவிட செத்த இடத்துக்குத் திரும்பி நடப்பதுதான் பெரிய தண்டனை. பார்த்தீர்களா, மறுபடி நடை.

காராம்ஜா கதையையும் சொல்லிவிடுகிறேன். போர்ட் சரிம் துறைமுகத்திலிருந்து அந்தத் தீவுக்குக் கப்பல் கட்டணம் 30 காசு, திரும்பி வர இன்னொரு 30. போகும்போது கையில் இருந்தது முப்பத்தைந்தோ என்னவோ. போய் இறங்கிவிட்டு, கடற்கரையில் கொஞ்சம் மீன் பிடித்துவிட்டு, திரும்பலாம் என்று பார்த்தால் காசு இல்லை. இலவச டெலிபோர்ட்டை ஐந்து நிமிடம் முன்னால்தான் வேறு எதற்கோ செலவழித்திருந்தேன். முழித்துக்கொண்டு தீவைச் சுற்றி வந்தபோது ஒரு வாழைத்தோட்டக்காரர் கண்ணில் பட்டார். பத்து வாழைப்பழம் பறித்துப் பெட்டியை நிரப்பினால் 30 காசு தருவதாகச் சொன்னார். சரியாகத் திரும்பிப் போகிற கட்டணம்! யாரோ ஒருவர் நிதானமாக உட்கார்ந்து, 'ஒரு முட்டாள் இங்கே காசில்லாமல் மாட்டிக்கொள்வான்' என்று யோசித்து அந்தத் தோட்டத்தை வைத்திருக்கிறார். மரம் மரமாகப் போய்ப் பழம் பறித்தேன். அந்த அரை மணி நேரத்தில் எனக்கு இந்த கேம் பிடித்துப்போனது. அதன் பிறகு எத்தனையோ பெரிய அரக்கர்களை அடித்திருக்கிறேன், அதெல்லாம் இந்த அளவு மனதில் நிற்கவில்லை.

ஆனாலும் கோபம் கோபம்தான். நல்ல வழிகள் எல்லாம் மெம்பர்ஷிப் பக்கம் இருக்கின்றன. ஃபேரி ரிங் என்று காளான் வட்டங்கள், மூன்றெழுத்துச் சங்கேதம் போட்டால் உலகத்தின் மறுகோடியில் இறக்கிவிடும், அதற்கும் சில குவெஸ்ட் (கதையோடு வருகிற வேலைகள்) முடித்து ஒரு கோல் வாங்க வேண்டும். ஸ்பிரிட் ட்ரீ, கிளைடர், எல்லாமே அந்தப் பக்கம்தான். கிரேஸ்ஃபுல் உடுப்பும் அப்படியே: கனம் குறையும், ஓட்டச் சக்தி வேகமாகத் திரும்பும். முழு உடுப்புக்கு விலையாகக் கொடுக்க மார்க் என்ற வில்லைகள் 260 சேர்க்க வேண்டும், அதற்குக் கூரை கூரையாகத் தாவிக்கொண்டே இருக்க வேண்டும். அதாவது, ஓடாமல் இருக்கிற கஷ்டம் தீர ஓட வேண்டும். எனக்கு மாதக்கணக்கில் ஆனது. கடைசித் துண்டை வாங்கிப் போட்ட அன்று வாராக்கிலிருந்து ஃபாலடோர் வரைக்கும் சும்மா ஓடிவிட்டு வந்தேன், எந்த வேலையும் இல்லாமல்.

இதை மாற்றக் கூடாதா என்றால், பழைய ரூன்ஸ்கேப்பின் 2007 ஆகஸ்ட் பிரதியைத் தூசி தட்டி 2013-ல் திறந்த கேம் இது, பழசு பழசாகவே இருக்க வேண்டும் என்பதற்காகவே வந்த கூட்டம். புதிதாக எதைச் சேர்ப்பதென்றாலும் பெரும்பாலும் ஆடுகிறவர்களிடம் வாக்கெடுப்பு வைப்பார்கள், 70 சதவீதம் வேண்டும். முன்பு 75. பயணத்தைச் சுலபமாக்குகிற யோசனை ஒன்றுக்கு நானே 'வேண்டாம்' என்று போட்டிருக்கிறேன். நான் பட்ட கஷ்டத்தை இனி வருகிறவன் படாமல் போய்விடுவானா என்ற எண்ணம்தான், வேறென்ன.

சரி, வாள். அவன் பெரிய இரண்டுகை வாளின் படத்தை அனுப்பி 'இது எப்படி?' என்று கேட்டிருந்தான். எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள், பார்க்க அவ்வளவு கம்பீரம். அது ஒரு வீச்சுக்கு 7 டிக் எடுத்துக்கொள்ளும், 4.2 வினாடி. சிமிட்டர் என்கிற வளைந்த வாளுக்கு 4 டிக், 2.4 வினாடி. 42 வினாடிச் சண்டையில் பெரியது 10 தடவை வீசும், சிமிட்டர் 17 தடவை. பெரியதின் ஒரு அடி பலமாக விழும், மறுக்கவில்லை, விழாமல் போனால் அந்த நாலு வினாடியும் நாம் அடி வாங்கிக்கொண்டு நிற்போம். அதோடு இரண்டு கையும் அதற்கே போய்விடுவதால் கேடயம் கிடையாது. ஆகவே கண்ணை மூடிக்கொண்டு சிமிட்டர். அட்டாக் லெவல் 5-ல் ஸ்டீல், 20-ல் மித்ரில், 30-ல் அடமன்ட், 40-ல் ரூன் (இங்கே ரூன் என்பது உலோகம், மந்திரக் கல் இல்லை). மித்ரில் வரைக்கும் அல் கரித் என்ற ஊரில் ஒரு கடைக்காரரிடமே கிடைக்கும், போகிற வழியில் வாசலில் 10 காசு கேட்பார்கள், கொடுத்துவிடலாம். மற்றது வாராக்குக்கு வடமேற்கே இருக்கும் கிராண்ட் எக்ஸ்சேஞ்ச் சந்தையில்.

வாளை மட்டும் நம்பவும் முடியாது. டீமன் ஸ்லேயர் குவெஸ்ட்டில் வருகிற அரக்கனை முடிக்க சில்வர்லைட் என்ற வாள் வேண்டும். வாம்பயரை முடிக்க மரமுளையும் சுத்தியலும் வேண்டும், பையில் பூண்டு இருந்தால் அவன் இன்னும் தளர்ந்துபோவான். இதெல்லாம் சின்னச் சின்ன சந்தோஷங்கள். இங்கே எனக்குக் குறையே இல்லை.

சர்வர் கேள்விக்கு ஒரு வரி பதில் என்று சொன்னேன் அல்லவா: எதில் வேண்டுமானாலும் நுழை. அவன் பயம் புரிகிறது. வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட் மாதிரி கேம்களில் நம் கேரக்டர் ஒரு சர்வரோடு கட்டுண்டது, நண்பர்கள் வேறு சர்வரில் இருந்தால் காசு கொடுத்து இடம் மாற வேண்டியிருக்கும் என்று யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள். இங்கே வேர்ல்டு என்பார்கள், 301-லிருந்து எண் போகும், ஒவ்வொன்றிலும் 2000 பேர் வரைக்கும் இருக்கலாம். நம் லெவல், சாமான், காசு எல்லாம் எந்த வேர்ல்டிலும் அதேதான். வெட்டுகிற மரத்தைச் சுற்றிப் பத்துப் பேர் நின்றால் அடுத்த வேர்ல்டுக்குத் தாவிவிடலாம், சண்டை முடிந்து 10 வினாடி ஆகியிருந்தால் போதும். பிரிட்டன், அமெரிக்கா, ஜெர்மனி, ஆஸ்திரேலியா என்று சர்வர்கள் பரவியிருக்கின்றன, பிங் (சர்வருக்குப் போய்வரும் தாமதம்) குறைவாக இருப்பதை எடுத்துக்கொள்ளலாம். டிக்கே 0.6 வினாடி என்பதால் பிங் கொஞ்சம் கூடினாலும் தலை போகாது. சில வேர்ல்டுகளுக்கு மொத்த லெவல் 500, 750 என்று வாசலிலேயே நிறுத்துவார்கள், அதைக் கண்டு கோபப்பட வேண்டாம்.

ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும், பட்டியலில் பிவிபி, அதாவது ஆடுகிறவர்களே ஒருவரையொருவர் கொல்லலாம், என்று எழுதியிருக்கிறதா என்று. நுழையும்போது எச்சரிக்கையும் காட்டும். நான் படிக்காமல் 'ஆம்' அழுத்தினேன். வங்கி வாசலைத் தாண்டி நாலு அடி வைத்ததும் ஒருவன் வந்து அடித்துப் போட்டுவிட்டான். விலை அதிகமான மூன்று தங்கும் என்றேனே, அதன்படி மார்புக் கவசமும் கால் கவசமும் கேடயமும் பத்திரமாக என்னோடு வந்தன. அவற்றைவிட மலிவான என் ரூன் சிமிட்டர் அவனோடு போய்விட்டது. கேடயத்தைப் பிடித்துக்கொண்டு வெறுங்கையோடு லம்பிரிட்ஜில் நின்றேன். தப்பு முழுக்க என்னுடையது, அதனால்தான் இன்னும் எரிகிறது.

மார்க் போடச் சொன்னால் சர்வருக்கு ஐந்துக்கு ஐந்து, ஆயுதத்துக்கு நாலு, பயணத்துக்கு ஒன்று, அதுவும் வாழைத்தோட்டக்காரருக்காக. கூட்டினால் நல்ல மார்க்தான். ஆனால் 'தொடங்கட்டுமா' என்று கேட்டால் இன்றைக்கு என் பதில் வேண்டாம் என்பதுதான். நேரம் இருக்கிறவன், பொறுமை இருக்கிறவன் ஆடட்டும், மற்றவர்கள் வேறு ஏதாவது பார்க்கலாம். என் மெம்பர்ஷிப் போன வாரம் முடிந்தது, உடனே புதுப்பித்துவிட்டேன். அதைப் பற்றி யாரும் கேட்க வேண்டாம்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அவனிடமிருந்து ஒரு படம் வந்தது. சாலையோரமாக நடந்து கிட்டத்தட்ட வாராக் வரைக்கும் போய்விட்டான். 'கல்லெல்லாம் வட்டமா நிறுத்தி வெச்சிருக்காங்கடா, நடுவுல யாரோ நிக்கறாங்க, குவெஸ்ட் குடுப்பாங்க போல, பேசிப் பாக்கறேன்.'

ஓடுடா என்று தட்டச்சு செய்து அனுப்புவதற்குள் அடுத்த படம் வந்துவிட்டது, லம்பிரிட்ஜ் கோட்டை முற்றம்.

'திரும்ப நடக்கணுமா?'

'ஆமா.'