செம்பனைப் புண்ணாக்கு கலந்த முயல் தீவனம்

மலேசியாவின் பினாங்கு மாநிலத்திலுள்ள புக்கிட் மெர்தாஜாம் கடையொன்றில் எடைபோட்டு விற்கும் இந்தக் குச்சித்தீவனத்தைப் பால்குடி மறந்த முயல் குட்டிகளுக்குக் கொடுத்து வருகிறேன். இறக்குமதி சோயாவின் ஒரு பகுதிக்கு மாற்றாக, நம் நாட்டில் தாராளமாகக் கிடைக்கும் செம்பனைக் கொட்டைப் புண்ணாக்கையும் உலர்ந்த முருங்கை இலையையும் சேர்த்திருப்பது மனமாரப் பாராட்டத்தக்கது. வளரும் முயலுக்குப் புரதம் சுமார் 16 விழுக்காடும், நார்ச்சத்து 14 விழுக்காட்டுக்குக் குறையாமலும் வேண்டும். நார் குறைந்தால் கழிச்சல் கண்டு குட்டிகள் மடியக்கூடும். குச்சியை விரலால் நசுக்கினால் பச்சிலை மணம் எழுகிறது, தூளும் அதிகம் உதிர்வதில்லை. மூட்டையில் தயாரிப்புத் தேதி இல்லாததுதான் பெருங்குறை. எண்ணெய்ப் பசையுள்ள புண்ணாக்கு பினாங்கின் ஈரக்காற்றில் சீக்கிரமே சிக்கு வாடை அடித்துவிடும். கால்நடைத் தீவனமாகப் பயன்படும் சவுண்டல் மரத்தின் இலையில் மிமோசின் என்னும் நச்சு இருப்பதால் அதைப்பற்றிக் கேட்டேன்; சேர்க்கவில்லை என்றார் கடைக்காரர். வாங்குவோர் உலர்புல்லையும் உடன் வைக்க வேண்டும்.