வேலையை விட்டு மருத்துவம்: பிரின் மாரா, கொலம்பியாவா, ஹண்டரா?

தேங்க்ஸ்கிவிங் விடுமுறைக்கு நியூஜெர்சிக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள் அக்கா மகள். ரசத்தைத் தட்டில் ஊற்றிக்கொண்டே, "சித்தி, நான் டாக்டருக்குப் படிக்கலாம்னு இருக்கேன்" என்றாள். வயது 27. பொருளாதாரம் படித்துவிட்டு மன்ஹாட்டனில் ஒரு வங்கியில் ஐந்து வருடமாக வேலை. அக்காவிடம் இன்னும் சொல்லவில்லையாம். ஆனால் போனில் எக்செல் தாள் மட்டும் தயாராக இருந்தது.

நம் ஊரில் பிளஸ் டூ, நீட், எம்பிபிஎஸ் என்று ஒரே கோடு. அமெரிக்காவில் மருத்துவம் என்பது பட்டம் முடித்தபின் படிக்கும் படிப்பு. பட்டம் எதில் இருந்தாலும் பரவாயில்லை. ஆனால் உயிரியல், பொது வேதியியல், கரிம வேதியியல், இயற்பியல் இவற்றில் லேபோடு ஒவ்வொரு வருடப் பாடம் கணக்கில் இருக்க வேண்டும். உயிர்வேதியியலையும் இப்போது பல கல்லூரிகள் கேட்கின்றன. பிறகு மருத்துவக் கல்லூரிகளுக்கான நுழைவுத் தேர்வான எம்கேட், ஏழரை மணி நேரம். கல்லூரியில் இந்தப் பாடங்களைத் தொடாதவர்கள் திரும்பி வந்து படிப்பதற்கென்றே இருப்பவைதான் போஸ்ட்பேக் ப்ரீமெட் திட்டங்கள்.

அவள் தாளில் மூன்று பெயர்கள். பென்சில்வேனியாவில் பிரின் மார், நியூயார்க்கிலேயே கொலம்பியா, அதே ஊரில் அரசுக் கல்லூரியான ஹண்டர். மூன்றுக்கும் கல்விக் கட்டணம் மட்டும் போட்டிருந்தாள். "சம்பளம் எங்கேடி?" என்று கேட்டேன். அந்தக் கட்டமே தாளில் இல்லை.

பிரின் மார் திட்டம் 1972-இல் தொடங்கியது. கோடையில் நுழைந்ததும் ஒரு வருடப் பொது வேதியியலைச் சில வாரங்களில் பிழிந்து கொடுத்துவிடுவார்கள். செப்டம்பரிலிருந்து உயிரியல், கரிம வேதியியல், இயற்பியல் மூன்றும் சேர்ந்து ஓடும். அடுத்த மே மாதம் முடிந்துவிடும். இதில் வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பது என்ற பேச்சே கிடையாது. கட்டணம் 40,000 டாலரும் அதற்கு மேலும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதோடு ஒரு வருடச் சம்பளமும் போகும். பதிலுக்குக் கிடைப்பது சிறிய வகுப்பு, பெயர் சொல்லிக் கூப்பிடும் ஆலோசகர், கல்லூரியே எழுதித் தரும் குழுப் பரிந்துரைக் கடிதம். உங்களைப் போலவே பத்திரிகையையோ பாலேவையோ விட்டுவிட்டு வந்தவர்கள் பக்கத்து நாற்காலியில் இருப்பார்கள். பால்டிமோர் பக்கத்தில் இருக்கும் கௌச்சர் இதற்குத் தங்கை மாதிரி, இன்னும் சின்னது. கலிபோர்னியாக்காரர்களுக்கு ஸ்கிரிப்ஸ்.

ஒரு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. இந்த மாதிரித் திட்டங்கள் தேடுவது அறிவியலைத் தொடாத, ஆனால் மற்றப் பாடங்களில் நல்ல மதிப்பெண் வாங்கிய ஆளை. தத்துவம் படித்தவருக்குச் சிவப்புக் கம்பளம். கல்லூரியில் பாதி ப்ரீமெட் பாடங்களை எடுத்து 'சி' வாங்கிய எஞ்சினியருக்குக் கதவு திறக்காது. அவர் போக வேண்டியது மதிப்பெண்ணை உயர்த்துவதற்கென்று தனியாக இருக்கும் திட்டங்களுக்கு. எங்கள் பெண் பொருளாதாரம் படித்தவள் என்பதால் தப்பித்தாள்.

கொலம்பியாவின் திட்டம் 1955-லிருந்து நடக்கிறது, நாட்டிலேயே பழையது. சாதாரணமாக இரண்டு வருடம் பிடிக்கும். மருத்துவமனையில் 120 மணி நேரமாவது தன்னார்வப் பணி செய்திருக்க வேண்டும் என்பது விதி. பெயருக்கு என்ன குறை? ஆனால் ஒரு கிரெடிட்டுக்கே (பாடத்தின் அளவை எண்ணும் அலகு) 2,000 டாலருக்கு மேல். ஹார்வர்டின் எக்ஸ்டென்ஷன் பள்ளியில் மாலை நேரத்தில் ஒரு முழுப் பாடமே ஏறத்தாழ அந்த விலைக்குக் கிடைக்கும். முப்பத்தைந்து, நாற்பது கிரெடிட் என்று பெருக்கிப் பார்த்தபோது 80,000 டாலர் வாக்கில் வந்து நின்றது. வாடகை தனி. அதோடு அறிவியல் வகுப்பில் பெரிய அரங்கில் பத்தொன்பது வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து அதே தேர்வை எழுத வேண்டும். அந்தப் பிள்ளைகள் சும்மா இருக்கும் பிள்ளைகள் இல்லை. என்னைக் கேட்டால், நியூயார்க்கை விட முடியாது, கையில் பணமும் இருக்கிறது என்பவருக்குத்தான் கொலம்பியா. பாஸ்டனில் இருந்திருந்தால் ஹார்வர்ட் எக்ஸ்டென்ஷனைத் தாண்டி யோசித்திருக்கவே மாட்டோம்.

ஹண்டர், லெக்சிங்டன் அவென்யூவில் 68-ஆம் தெரு சப்வே நிலையத்துக்கு மேலேயே இருக்கிறது. நியூயார்க் வாசிகளுக்கு ஒரு கிரெடிட் சில நூறு டாலர்தான். எல்லாப் பாடமும் சேர்த்து 20,000 டாலரை ஒட்டி முடிந்துவிடும். மாலை வகுப்புகள் உண்டு என்பதால் சம்பளமும் நிற்காது. ஆனால் வேலையோடு படித்தால் இரண்டரை, மூன்று வருடம் ஆகும். கையைப் பிடித்து அழைத்துப் போக ஆள் இருக்காது. இடம் நிரம்பும் முன் பதிவு செய்ய நாமேதான் கண் விழித்திருக்க வேண்டும்.

இப்போது சம்பளக் கட்டத்தையும் சேர்த்துப் போட்டோம். பிரின் மார் கட்டணமும் போன சம்பளமும் சேர்ந்து மலையாக நின்றது. ஹண்டரில் செலவு சின்னது. ஆனால் ஒன்றரை, இரண்டு வருடம் தள்ளி டாக்டர் ஆவதால், கடைசியில் வர வேண்டிய டாக்டர் சம்பளத்தில் அத்தனை வருடம் குறையும். வெறும் கணக்குப்படி பார்த்தால் பிரின் மார் தோற்கவில்லை என்பதுதான் எங்களுக்கு ஆச்சரியம். ஆனால் அந்த டாக்டர் சம்பளம் பத்து வருடம் தள்ளி இருக்கிறது. இன்றைய வாடகைச் சீட்டு மேஜை மேல் இருக்கிறது.

இன்னொரு பக்கமும் உண்டு. 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்கும் மருத்துவ மாணவர்களுக்கு மத்திய அரசுக் கடன் வருடத்துக்கு 50,000 டாலர், மொத்தம் 2,00,000 டாலர் என்று வரம்பு வந்துவிட்டது. பட்டமேற்படிப்பு மாணவர்களுக்கு முன்பு இருந்த கிராட் பிளஸ் என்ற மத்திய அரசுக் கடன் அவர்களுக்குக் கிடையாது. பல கல்லூரிகளின் செலவு இந்த வரம்பைத் தாண்டும். எனவே போஸ்ட்பேக்கிலேயே சேமிப்பைத் துடைத்துவிட்டுப் போவது முன்பைவிட ஆபத்து.

பிரின் மார், கொலம்பியா பக்கம் ஆட்களை இழுப்பது 'லிங்கேஜ்' என்ற ஏற்பாடு. சாதாரணமாகப் பாடங்களை முடித்து, ஜூனில் விண்ணப்பித்தால், அடுத்த வருடம் ஆகஸ்டில்தான் மருத்துவக் கல்லூரி. நடுவில் ஒரு வருடம் சும்மா கழியும். லிங்கேஜ் இருந்தால், ஒப்பந்தம் உள்ள ஒரு கல்லூரிக்குப் படிக்கும்போதே விண்ணப்பித்து அந்த வருடத்தை மிச்சம் பிடிக்கலாம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஒரே கல்லூரிக்கு வாக்குக் கொடுக்க வேண்டும், இடம் கிடைத்தால் வேறு எங்கும் போக முடியாது. 2018-லிருந்து நியூயார்க் பல்கலையின் மருத்துவக் கல்லூரியில் கல்விக் கட்டணம் இல்லை. பிராங்க்ஸில் உள்ள ஐன்ஸ்டைன் கல்லூரி 2024-இல் நூறு கோடி டாலர் நன்கொடை வாங்கி அதே வழிக்கு வந்தது. லிங்கேஜில் கை நீட்டினால் இங்கெல்லாம் முயற்சி செய்யும் உரிமை போச்சு. முப்பத்தைந்தைத் தொடுபவருக்கு அந்த ஒரு வருடம் பொன். 27-க்கு நான் அவ்வளவு மதிப்புப் போட மாட்டேன்.

எங்கள் மாணவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் மருத்துவம் சேர்ந்தார்கள் என்று எந்தத் திட்டம் சொன்னாலும் ஒரு கேள்வி கேளுங்கள்: யாரைக் கணக்கில் சேர்த்தீர்கள்? நடுவில் விலகியவர்களும், கல்லூரி கடிதம் கொடுக்க மறுத்தவர்களும் மொத்த எண்ணிக்கையில் இல்லாவிட்டால் அந்த விழுக்காட்டுக்குப் பொருளே வேறு.

இதைப் படிப்பவர்களில் கோவையிலோ திருச்சியிலோ பி.இ. முடித்துவிட்டு இங்கே வேலைக்கு வந்தவர்களும் இருப்பீர்கள். உங்கள் கணக்கு வேறு. விண்ணப்பங்களைக் கையாளும் ஆம்காஸ் அமைப்பு வெளிநாட்டு மதிப்பெண்களைச் சரிபார்த்துச் சராசரியில் சேர்ப்பதில்லை. பல மருத்துவக் கல்லூரிகள் அமெரிக்கக் கல்லூரியில் குறைந்தது இத்தனை கிரெடிட் என்று கேட்கும். அதனால் ஒரு வருடத் திட்டம் மட்டும் போதாமல் போகலாம். கிரீன் கார்டு இல்லாதவர்களைப் பெரும்பாலான கல்லூரிகள் விண்ணப்பத்திலேயே தள்ளிவிடும். எச்1பி வேலை விசாவில் இருந்துகொண்டு முதலில் பணம் கட்டாதீர்கள். கலிபோர்னியாவில் ஃப்ரீமான்ட் பக்கம் இருந்தால் சமுதாயக் கல்லூரியில் ஒரு யூனிட் 46 டாலருக்கு வேதியியல் எடுத்து உங்களைச் சோதித்துப் பார்க்கலாம். ஆனால் எல்லாப் பாடத்தையும் அங்கேயே முடித்தால் சில மருத்துவக் கல்லூரிகள் முகம் சுளிக்கும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

சரி, அவளுக்கு வருவோம். முடிவெடுக்கும் முன் மூன்று மாதம் சனிக்கிழமைகளில் ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் தன்னார்வலராக நிற்கச் சொன்னேன். ஊசி, ரத்தம் எதையும் தொட விட மாட்டார்கள். போர்வைகளைச் சூடாக வைக்கும் ஓர் அலமாரி இருக்கும். அதிலிருந்து எடுத்துக் குளிரில் நடுங்குபவர்கள் மேல் போர்த்திவிட வேண்டும், காலியானால் நிரப்ப வேண்டும். நாலாவது வாரம் போர்வை கொடுக்கப் போன இடத்தில் ஒரு பாட்டி இவள் கையைப் பிடித்துக்கொண்டு நாற்பது நிமிடம் விடவில்லையாம். "கை மரத்துப் போச்சு சித்தி, ஆனா வங்கியில நாள் முழுக்க உட்கார்ந்த மாதிரி அலுப்பு இல்ல" என்றாள். எக்செல் தாளில் இதற்கும் கட்டம் இல்லை.

ஹண்டரில்தான் சேர்ந்தாள். பிரின் மாரை விட்டதில் அவளுக்கு இன்னும் கொஞ்சம் வருத்தம் உண்டு. போன வாரம் இரவு பத்தரைக்கு 68-ஆம் தெரு நிலையத்திலிருந்து போன். அன்றைக்கு வேதியியல் லேபில் டைட்ரேஷன், கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளக்கும் சோதனை. கடைசிச் சொட்டில் மெல்லிய இளஞ்சிவப்பு வந்து நிற்க வேண்டும். இவள் இரண்டு முறையும் ஒரு சொட்டு தாண்டி ரோஸ் மில்க் நிறத்துக்குக் கொண்டுபோயிருக்கிறாள். மூன்றாவது முறைதான் சரியாக நின்றதாம். அக்காவுக்கு இப்போது விஷயம் தெரியும். அடுத்த வருடம் கரிம வேதியியல் லேப் பகல் நேரத்தில் விழுந்தால் வாரம் ஒரு பிற்பகல் விடுப்புக் கேட்க வேண்டும். மேலாளர் என்ன சொல்வார் என்று தெரியவில்லை, இன்னும் கேட்கவில்லை.